பார்த்தும் காணாமை: தேடும் கண்ணை வழிநடத்துவன எவை?

“பார்த்தேன், ஆனால் காணவில்லை.” சாலைச் சந்திப்பில் மோட்டார் சைக்கிளோட்டி ஒருவரை மோதிவிட்ட காரோட்டி பெரும்பாலும் சொல்லும் சொல் இது. கேட்போர் இதனைச் சாக்குப்போக்கு என்றே கொள்வர். பட்டப்பகலில், மறைப்பு ஏதுமின்றி, கண்ணுக்கெட்டும் தொலைவில் வந்த ஒரு மனிதரை, அத்திசையில் தலையைத் திருப்பிப் பார்த்த ஒருவர் காணாதிருத்தல் இயலுமா? இயலும். அஃது எவ்வாறு நிகழ்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

இப்பொருளை நாம் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப்பொழுதில், கிளைச்சாலை ஒன்றிலிருந்து சுங்கை பினாங் சாலைக்குள் வலப்புறம் திரும்பக் காரில் காத்திருந்தோம். வலப்புறம் பார்த்தோம், இடப்புறம் பார்த்தோம், மீண்டும் வலப்புறம் பார்த்தோம். சாலை வெறுமையாகவே தெரிந்தது. காரை நகர்த்திய கணத்தில் அருகில் அமர்ந்திருந்த எம் துணைவியார் “மோட்டார்!” என்று கூவினார். நிறுத்துமிதியை அழுத்தினோம். வந்த இளைஞர் ஒரு முழ இடைவெளியில் வளைந்து தப்பினார். அவர் ஏசவில்லை, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வைக்குச் சொல்ல அன்று நம்மிடம் மறுமொழி ஏதும் இல்லை.

தமிழ் பேசும் நமக்கு இவ்விடத்தில் ஒரு வசதி உண்டு. பார்த்தல் வேறு, காணுதல் வேறு என்பதை நம் மொழி நெடுங்காலமாகப் பிரித்தே வைத்திருக்கிறது. பார்த்தல் கண்ணின் முயற்சி; காணுதல் அம்முயற்சியின் பயன். ஒரு பொருள் தொலைந்தால் ‘காணோம்’ என்கிறோம். இஃது எதிர்மறைத் தன்மைப் பன்மை வினைமுற்று. ‘நாம் காணவில்லை’ என்பதே அதன் பொருள். பொருள் அழிந்துவிட்டதென்றோ இல்லாமற் போயிற்றென்றோ அச்சொல் கூறவில்லை. நம் காட்சிக்குள் அது வரவில்லை என்று மட்டுமே கூறுகிறது. தொலைந்தது மீளும்போது ‘கண்டுபிடித்தோம்’ என்கிறோம். முதலில் காணுதல், பிறகு பிடித்தல். உளவியலாளர் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வுக்கூடங்களில் அளந்து காட்டிய ஒரு வேறுபாட்டை நம் வினைச்சொற்கள் முன்னரே தாங்கி நிற்கின்றன.

கண்ணின் அமைப்பிலிருந்து தொடங்குவோம். விழித்திரை முழுவதும் ஒரே கூர்மையுடன் காண்பதில்லை. அதன் நடுவிலுள்ள மையக்குழி என்னும் சிறு பகுதியே நுணுக்கமாகக் காண வல்லது. கையை முழுதும் நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால், அதன் நகம் மறைக்கும் அளவே அக்கூர்மையின் பரப்பு. எஞ்சிய காட்சி அனைத்தும் மங்கல். ஆயினும் உலகம் முழுவதும் தெளிவாகவே இருப்பதாக நாம் உணர்கிறோம். கண் நொடிக்கு மூன்று நான்கு முறை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தாவிக்கொண்டே இருப்பதும், அத்துணுக்குகளை மூளை ஒன்றாகத் தைத்துத் தருவதுமே அதற்குக் காரணம். தாவும் அந்தச் சிறு பொழுதில் காட்சி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி நோக்குங்கள். உங்கள் விழிகள் அசைவதை ஒருபோதும் காணமாட்டீர்கள். அருகில் நிற்பவர் தெளிவாகக் காண்பார்.

சந்திப்பில் நிற்கும் காரோட்டி வலமும் இடமுமாக விரைந்து தலையைத் திருப்பும்போது அவருடைய கண் சாலையைத் துடைத்துக்கொண்டு செல்வதில்லை. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் ஊன்றி நிற்கிறது. இடையிலுள்ளவை தாவலுக்குள் அகப்பட்டுக்கொள்கின்றன. அகன்ற கார் ஒன்று அவ்விடைவெளியில் முழுவதும் மறைந்துவிடாது. ஒடுங்கிய மோட்டார் சைக்கிள் மறைந்துவிடலாம். காரின் முன்தூண் மறைப்பது வேறு செய்தி. இங்கு நாம் பேசுவது தூண் ஏதும் இல்லாமலே நிகழும் மறைவைப் பற்றி.

எனில், கண் அடுத்து எங்கே ஊன்ற வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? மங்கலாகத் தெரியும் பெரும்பரப்பிலிருந்து ஓரிடம் தேர்ந்தெடுக்கப்பட்டாக வேண்டும். கீழ்வரும் இரண்டு வரிகளையும் ஒருமுறை பாருங்கள்.

ப ப ப ப ப ப ஒ ப ப ப ப ப

ன ன ன ன ன ன ன ண ன ன ன ன

முதல் வரியில் வேறான எழுத்தைத் தேட வேண்டிய தேவையே எழுவதில்லை. அது தானே எழுந்து வந்து நிற்கிறது. இரண்டாம் வரியில் கண் எழுத்தெழுத்தாகச் செல்ல நேர்கிறது. ஆன் திரைஸ்மன் என்னும் உளவியலாளர் கேரி கெலேடுடன் இணைந்து 1980இல் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டைத் துல்லியமாக அளந்தது. பச்சை எழுத்துகளிடையே ஒரு சிவப்பு எழுத்தைத் தேடச் சொன்னால், பச்சை எழுத்துகள் ஐந்தானாலும் முப்பதானாலும் காணும் நேரம் ஏறக்குறைய மாறுவதில்லை. நிறமும் வடிவமும் சேர்ந்த ஒன்றைத் தேடச் சொன்னாலோ, சுற்றியுள்ளவை பெருகப் பெருக நேரமும் கூடுகிறது. நிறம், சாய்வு, அளவு, அசைவு போன்ற சில அடிப்படைப் பண்புகளைக் காட்சிப்புலன் பரப்பு முழுவதிலும் ஒரே வேளையில் அறிந்துகொள்கிறது. அவற்றை ஒரு பொருளாகக் கோத்துக் காண்பதற்கோ கவனம் அவ்விடத்திற்குச் செல்ல வேண்டும் என்பது அவர் கண்ட விளக்கம்.

தைப்பூச நாளில் தண்ணீர்மலை அடிவாரத்தில் பிள்ளையைத் தவறவிட்ட தாய் இதனைக் கருவியின்றியே அறிவார். மஞ்சள் ஆடைகள் நிறைந்த அக்கூட்டத்தில் மஞ்சள் சட்டை அணிந்த பிள்ளையைத் தேடுவது முகம் முகமாகத் தேடுவதாகும். நீலச் சட்டை அணிந்த பிள்ளையோ கூட்டத்தின் விளிம்பிலிருந்தே தெரியும். நீலத்திற்கெனத் தனி ஆற்றல் ஒன்றும் இல்லை. சுற்றிலும் நீலம் இல்லாமையே அதன் ஆற்றல். இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கைப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

‘அடிப்படைப் பண்பு’ என்பது கண் தரும் வெறும் ஒளிப்புள்ளி அன்று. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் 1988இல் இதனை அழகாகக் காட்டினார். ஒருபுறம் வெளிறியும் மறுபுறம் கருத்தும் இருக்கும் வட்டங்களை வரைந்தால், மேற்பகுதி வெளிறியவை புடைத்தும், கீழ்ப்பகுதி வெளிறியவை குழிந்தும் தோன்றுகின்றன. ஒளி மேலிருந்தே விழும் என்று மூளை கொண்டிருப்பதே காரணம். குழிகளிடையே புடைப்பு தனித்துத் தெரிகிறது. அதே வட்டங்களைப் பக்கவாட்டில் திருப்பி இடமும் வலமுமாக ஒளி விழுவதுபோல் வைத்தால் அத்தெளிவு குன்றுகிறது. ஆக, நாம் தேடத் தொடங்கும் முன்பே மூளை உலகைப் பற்றிய ஓர் ஊகத்துடன் காத்திருக்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. வால் உள்ள வட்டத்தை வாலில்லா வட்டங்களிடையே காண்பது எளிது; வாலில்லா ஒன்றை வாலுள்ளவற்றிடையே காண்பது கடினம். இருப்பது கண்ணை அழைக்கும், இல்லாமை அழைக்காது. மெய்ப்புத் திருத்திப் பழகியவர்கள், மிகையாக விழுந்த புள்ளியை உடனே பிடித்துவிட்டு, விடுபட்ட புள்ளியை மூன்று முறை படித்தும் விட்டுவிடுவதை இவ்வாறே விளங்கிக்கொள்கிறோம். இச்சிற்றேட்டிலும் அத்தகைய பிழை இருக்கக்கூடும், பொறுத்தருள்க.

தோற்றத்தின் முனைப்பு மட்டுமே கண்ணை நடத்துமானால், நாம் விளம்பரப் பலகைகளை மட்டுமே கண்டுகொண்டு வாழ்வோம். திரைஸ்மனுக்குப் பின் ஜெரிமி வூல்ஃப் 1989 முதல் வளர்த்தெடுத்த ‘வழிநடத்தப்பட்ட தேடல்’ என்னும் கொள்கை இவ்விடத்தை நிரப்பியது. நாம் எதைத் தேடுகிறோமோ அதன் படிவம் மனத்தில் அமர்கிறது. அப்படிவத்தோடு ஒத்த நிறம், ஒத்த அளவு, ஒத்த சாய்வு உடைய இடங்களுக்கெல்லாம் மங்கலான பரப்பில் முன்னுரிமை கிடைக்கிறது. சாவியைத் தேடும் கண் மேசைமேல் உள்ள வெள்ளித்துண்டுகளில் எல்லாம் தட்டித் தட்டிச் செல்வது அதனால்தான். உருசிய ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ், ஓவியர் இரேப்பினின் ஓவியம் ஒன்றை ஒருவரிடம் காட்டி வெவ்வேறு வினாக்களைத் தொடுத்தார். அவ்வீட்டாரின் செல்வநிலை என்ன என்று கேட்டபோது அவருடைய கண் ஆடைகளிலும் அறைக்கலன்களிலும் உலவியது. அவர்களின் வயது என்ன என்று கேட்டபோது முகங்களில் நிலைத்தது. ஓவியம் ஒன்றே. வினா மாறியதும் பார்வையின் பாதை மாறிற்று.

இடமறிந்து தேடுதலும் உண்டு. குவளையை மேசைமீது தேடுகிறோம், கூரையில் தேடுவதில்லை. இவ்வறிவு பெரும் உதவி. ஆனால் விலையும் கேட்கும். மிகுவெல் எக்ஸ்டைனும் அவர் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், குளியலறைப் படம் ஒன்றில் பற்தூரிகையைத் தேடச் சொன்னார்கள். இயல்புக்கு மாறாக மிகப் பெரிதாக வரையப்பட்ட பற்தூரிகை கண்முன்னே கிடந்தும் பார்த்தவர்கள் பலமுறை தவறவிட்டார்கள். அப்பொருள் அவ்வளவு பெரிதாக இராது என்று மனம் முன்னரே முடிவு செய்துவிட்டது.

தேர்ச்சி இதிலிருந்து காக்குமா? 2013இல் டிராஃப்டன் டுரூவும் அவர் உடன் ஆய்வாளர்களும் கதிரியல் மருத்துவர் 24 பேரிடம் நுரையீரல் ஊடுகதிர்ப் படங்களைக் கொடுத்துக் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். இறுதித் தொகுதியில் ஒரு கொரில்லாக் குரங்கின் உருவத்தை வைத்திருந்தார்கள். அது கட்டியைப் போல் 48 மடங்கு பெரியது. 20 பேர் அதனைக் காணவில்லை. அவர்களில் 12 பேருடைய விழிகள் அக்குரங்கு இருந்த இடத்திலேயே ஊன்றியிருந்ததைக் கருவி பதிவு செய்திருந்தது. வில்வித்தைத் தேர்வில் பறவையின் கண்ணை மட்டும் கண்ட அருச்சுனனை நாம் பாராட்டிப் பழகியிருக்கிறோம். அம்பு எய்தற்கு அது நன்று. கிளைச்சாலையிலிருந்து திரும்பும் வேளையில் அது நன்றன்று.

இனி நம் சந்திப்புக்குத் திரும்புவோம். அன்று வலப்புறம் நோக்கியபோது நாம் எதைத் தேடினோம்? நேர்மையாகச் சொன்னால், மோட்டார் சைக்கிளைத் தேடவில்லை, காரைக்கூடத் தேடவில்லை. நுழைவதற்கு ஓர் இடைவெளியைத் தேடினோம். காரின் அகலமும் லாரியின் உயரமும் இல்லாத ஒரு வெற்றிடம் என்பதே நம் மனப்படிவம். அப்படிவத்திற்கு அந்த இளைஞரின் ஒடுங்கிய உருவம் ஒத்தே வந்தது என்பதுதான் கசப்பான உண்மை. காலையில் மேலங்கியை முன்பின்னாக மாற்றி அணிந்து பாயான் லெப்பாசுக்கு விரையும் தொழிலாளர் பலர் கருநிற உடையினரே. மரநிழலும் கடைவரிசையும் நின்றிருக்கும் வண்டிகளும் பின்னணியாக அமைய, அவ்வுருவம் பின்னணியின் ஒரு துண்டாகவே கலந்துவிடுகிறது. அசைவாவது காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். குறுக்கே செல்லும் பொருளின் அசைவு கண்ணை இழுக்கும். நம்மை நோக்கி நேரே வரும் பொருளோ காட்சியில் இடம் பெயர்வதில்லை, மெல்லப் பெரிதாகிறது. ஒடுங்கிய பொருள் பெரிதாவது, மிக அருகில் வரும்வரை புலப்படாத அளவு சிறிது.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் குழுவினர் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் சென்று ஆராய்ந்து 1981இல் அறிக்கை அளித்தனர். பிற வண்டியோட்டிகள் மோட்டார் சைக்கிளைக் கண்டறியத் தவறுவதே மோதல்களின் தலையாய காரணம் என்பது அவ்வறிக்கையின் முடிவு. நம் நாட்டில் இதன் எடை இன்னும் பெரிது. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர். சுங்கை பினாங்கிலும் ஜெலுத்தோங்கிலும் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடுகள் குறைவு.

அரிதாக வருவதைக் கண் தவறவிடும் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. வூல்ஃப் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றன்மேல் ஒன்று படிந்த பொருள்களின் படங்களுக்குள் குறித்த பொருளைத் தேடச் செய்தனர். பாதிப் படங்களில் அப்பொருள் இருந்தபோது தேடியவர்கள் 7 விழுக்காடு தவறவிட்டனர். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறு 30 விழுக்காடாக உயர்ந்தது. ‘இல்லை’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிய மனம் விரைவில் தேடலை நிறுத்திவிடுகிறது. மோட்டார் சைக்கிள் பினாங்கில் அரிய பொருளா என்று நீங்கள் வினவலாம். இல்லைதான். ஆயினும் ஒவ்வொரு நாளும் அதே சந்திப்பில் திரும்பும் ஒருவருக்கு, தலையைத் திருப்பும் அக்கணத்தில் மோதும் தொலைவில் ஒன்று வருவது அரிதே. ஆயிரம் முறை வெறுமையாக இருந்த இடத்தை ஆயிரத்தோராம் முறையும் வெறுமையாகவே மனம் முடித்துக்கொள்கிறது என்பது எம் கருத்து.

இக்குறையைப் போக்க மலேசியா செய்த ஒன்று உலகளவில் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. 1992இல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பகலில் எதற்கு விளக்கு என்று அன்று முணுமுணுத்தவர் உண்டு. பேராசிரியர் ராடின் உமார் முதலியோர் செரம்பானிலும் ஷா ஆலாமிலும் நிகழ்ந்த விபத்துகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட கட்டுரையில், புலப்படாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததாகக் கணித்தனர். பகலில் விளக்கெரியும் வண்டி அன்று மோட்டார் சைக்கிள் ஒன்றே. பச்சையிடையே சிவப்பு போலவும், மஞ்சளிடையே நீலச் சட்டை போலவும் அது தனித்து நின்றது.

அத்தனிமை இன்று தேய்ந்து வருகிறது. புதிய கார்கள் பலவும் பகல்விளக்குடன் வருகின்றன. பிரான்சில் வியோலா கவல்லோ, மரியா பிந்தோ ஆகிய இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சுற்றியுள்ள கார்களும் விளக்கெரித்தால் மோட்டார் சைக்கிளைக் கண்டறிவது கடினமாகிறது என்று காட்டினர். விளக்கின் ஒளி குறையவில்லை. அதன் தனித்தன்மை குறைந்தது. வெள்ளை விளக்குகளுக்கு நடுவே மஞ்சள் விளக்கு, தலைக்கவசத்தில் ஒரு விளக்கு என்று மாற்று வழிகளை அவர்கள் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். பளிச்சிடும் உடையைப் பற்றியும் இவ்வாறே சொல்ல வேண்டும். இசுரேல் நாட்டில் 2012இல் வெளிவந்த ஆய்வின்படி, பல நிறங்கள் நெருங்கிய நகரச் சாலையில் வெள்ளை உடையும் ஒளிதிருப்பும் உடையும் உதவின. வெளிர்வானம் மட்டுமே பின்னணியாக அமைந்த நெடுஞ்சாலையில் கறுப்பு உடையே நன்கு தெரிந்தது. ‘பளிச்சென்ற சட்டை அணியுங்கள்’ என்னும் அறிவுரை பாதி உண்மையே. எதன் முன்னே அணிகிறோம் என்பது மறுபாதி.

அதே ஆய்வில் நாம் பெரிதும் மதிக்கும் செய்தி வேறொன்று. மோட்டார் சைக்கிளைத் தேடுமாறு முன்னரே சொல்லப்பட்டவர்கள், அவ்வாறு சொல்லப்படாதவர்களைக் காட்டிலும் மிகுதியாகக் கண்டனர். தேடும் படிவத்தை மாற்றுவதற்குச் செலவில்லை. ‘இடைவெளி இருக்கிறதா’ என்று கேட்டுத் திரும்பும் தலையும், ‘மோட்டார் வருகிறதா’ என்று கேட்டுத் திரும்பும் தலையும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. கண் ஊன்றும் இடங்கள் வேறு. வேகத்தைத் தணித்துத் தலையைத் திருப்பினால் ஊன்றும் இடங்கள் கூடும்; தாவல்களுக்குள் விழும் இடைவெளி சுருங்கும். ஓட்டுநர் பள்ளிகளில் ‘வலம் பார், இடம் பார்’ என்று கற்பிப்பதோடு எதைக் காண வேண்டும் என்பதையும் பெயர் சொல்லிக் கற்பித்தால் நலம்.

இத்தாலிய ஆய்வாளர்கள் 2006இல், கார்–மோட்டார் சைக்கிள் மோதல்களின் ஐரோப்பியத் தரவுகளைக் கொண்டு, மோட்டார் சைக்கிள் உரிமமும் வைத்திருக்கும் காரோட்டிகள் அத்தகைய மோதல்களுக்குக் காரணமாவது குறைவு என்று கண்டனர். தாமே ஓட்டியவர்களின் மனத்தில் அவ்வொடுங்கிய உருவம் ஒரு படிவமாக நிலைத்திருக்கிறது போலும். குடும்பத்திலோ நட்பிலோ மோட்டார் சைக்கிளோட்டி ஒருவரைக் கொண்ட காரோட்டிகளும் அவ்வாறே கூடுதல் விழிப்புடன் இருப்பதாக அதற்கு முன்னரே இங்கிலாந்தில் ஓர் ஆய்வு கூறிற்று.

அன்று “மோட்டார்!” என்று கூவிய எம் துணைவியாருக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை. அவருடைய தம்பி நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் பாயான் லெப்பாசுத் தொழிற்சாலைக்குச் செல்பவர். மழைநாளில் அவர் வீடு திரும்பும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. நாம் இருவரும் ஒரே கண்ணாடி வழியே ஒரே சாலையைத்தான் பார்த்தோம்.